17 வயதில் பி.எஸ்.ஏ. டூர்: தம்பியை இறக்கலாமா, எப்படி இறக்குவது?

கோவை_அக்கா

தம்பிக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். 19 வயதுக்குட்பட்டோர் தேசியப் போட்டிகளில் கால் இறுதி வரை தவறாமல் வருகிறான், இரண்டு முறை அரை இறுதி. பரீட்சை முடிந்த கையோடு பி.எஸ்.ஏ.வில் (தொழில்முறை ஸ்குவாஷ் டூரை நடத்தும் சங்கம்) பதிந்து முழுநேர ஸ்குவாஷ் ஆடப் போகிறேன் என்கிறான். வீட்டில் யாருக்கும் இந்த உலகம் பழக்கமில்லை.

ரேங்கிங் எப்படி ஏறுகிறது, முதல் வருடம் எந்தப் போட்டிகளுக்கு அனுப்புவது, எவ்வளவு செலவாகும், எவ்வளவு திரும்பி வரும், ஜூனியரில் கலக்குகிற பையன்கள் டூருக்குப் போனதும் ஏன் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டுகிறார்கள்? இவை தெரிந்தால் போதும். "திறமை இருந்தால் மேலே வரலாம்" என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, இங்கே கணக்கு வேண்டும்.

பின்சுவர்_ஓரம்

முதலில் ரேங்கிங். முதல் வருடப் பணம் வீணாகப் போவது பெரும்பாலும் இதைப் புரிந்துகொள்ளாமல் ஆடுவதால்தான்.

டூர் இரண்டு மாடி. மேல் மாடியில் டைமண்ட், பிளாட்டினம் தொடங்கி காப்பர் வரை. கீழ் மாடி சேலஞ்சர். அதற்குள்ளேயே 15,000 டாலர் போட்டியிலிருந்து 3,000 டாலர் போட்டி வரை படிகள் உண்டு. அதற்கும் அடியில் சாட்டிலைட் போட்டிகள், புள்ளிகள் மிகக் கொஞ்சம். உங்கள் தம்பி முதல் இரண்டு வருடம் வாழப்போவது கீழ் மாடியில், அதிலும் தரைத்தளத்தில்.

பி.எஸ்.ஏ. ரேங்கிங் மொத்தப் புள்ளிகளை வைத்து வருவதில்லை, சராசரியை வைத்து வருகிறது. கடந்த 52 வாரத்தில் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். மூன்றே போட்டி ஆடிவிட்டுச் சராசரியில் உச்சிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு குறைந்தபட்ச வகுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த சீசனில் அது எத்தனை என்று பி.எஸ்.ஏ. விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே கணக்குக்காக 10 என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்களும் கணக்குக்காகத்தான்.

பையன் 8 போட்டியில் 480 புள்ளி எடுத்திருக்கிறான். வகுத்தி 10, சராசரி 48. ஒன்பதாவது போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று 5 புள்ளிதான் வாங்குகிறான். 485ஐ 10ஆல் வகுத்தால் 48.5. தோற்றும் ஏறிவிட்டான்!

இன்னொரு பையன் 10 போட்டியில் 600 எடுத்திருக்கிறான், சராசரி 60. பதினோராவது போட்டிக்குக் கடன் வாங்கிப் போய் முதல் சுற்றில் தோற்று அதே 5 புள்ளியோடு வருகிறான். 605ஐ 11ஆல் வகுத்தால் 55. பயணச் செலவும் போச்சு, ரேங்கிங்கும் இறங்கிப் போச்சு.

ஆக, வகுத்தி நிரம்பும் வரை எந்தப் போட்டியும் லாபம். நிரம்பிய பிறகு ஒரு சுற்றாவது ஜெயிக்க வாய்ப்புள்ள இடத்துக்கு மட்டும் போக வேண்டும். முதல் வருடத்தில் வகுத்தியை எவ்வளவு மலிவாக நிரப்புகிறோம் என்பதுதான் கேள்வி. நம் ஆட்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: இந்திய ஸ்குவாஷ் சம்மேளனம் நடத்துகிற இந்தியன் டூரில் சேலஞ்சர் போட்டிகள் சென்னை உட்பட உள்ளூரிலேயே நடக்கின்றன. ரயில் டிக்கெட்டில் போய்வரலாம், போட்டி நடத்துகிற நாட்டுக்குத் தருகிற வைல்ட்கார்டும் (ரேங்கிங் போதாவிட்டாலும் தரும் இடம்) கிடைக்க வாய்ப்பிருக்கிறது. இவற்றையும் அக்கம்பக்கத்து சாட்டிலைட்களையும் முடிக்காமல் ஐரோப்பாவுக்கு டிக்கெட் போடாதீர்கள்.

இன்னொரு விஷயம் 52 வாரம். போன வருடம் மார்ச்சில் அரை இறுதி வந்த புள்ளி இந்த வருடம் மார்ச்சில் விழும். அந்த வாரம் என்ன விழுகிறது, அதை ஈடுகட்ட அதற்கு முன்னால் எந்தப் போட்டி இருக்கிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். என்ட்ரி முடிகிற நாளில் இருக்கும் ரேங்கிங்தான் டிராவில் (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியலில்) இடத்தைத் தீர்மானிக்கும். போட்டி நடக்கும் வாரத்து ரேங்கிங் அதற்கு உதவாது. கெடு முடிந்த பிறகு ரிசர்வ் பட்டியலில் நான்காவது ஐந்தாவது இடத்தில் தொங்கிக்கொண்டு ஃப்ளைட் டிக்கெட் எடுப்பது சூதாட்டம். கடைசி நேரத்தில் விலகினால் அபராதமும் உண்டு.

கணக்குப்பிள்ளை

பணக் கணக்கு என் பங்கு. எல்லாம் தோராயம். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும்.

பரிசுத்தொகை என்று போட்டியின் பெயரோடு வருவது மொத்தத் தொகை. 32 பேர் டிராவில் பட்டம் ஜெயிப்பவருக்கு அதில் ஆறில் ஒரு பங்கு வாக்கில் போகும். 12,000 டாலர் போட்டி என்றால் ஜெயித்தவர் கையில் 2,000 டாலர் சொச்சம். கால் இறுதியில் தோற்றவருக்கு 4 சதவீதம் சுற்றி. 3,000 டாலர் போட்டியில் முதல் சுற்றில் தோற்றால் வருவது நூறு டாலரைத் தொடாது.

மூன்று வார ஐரோப்பியப் பயணம், மூன்று போட்டி என்று வைத்துக்கொள்வோம்:

விமானம் 70,000 ரூபாய். ஷெங்கன் விசா 90 யூரோ, அதன் மேல் ஏஜென்சி கட்டணம், இன்ஷூரன்ஸ், ஆக 12,000. ஊருக்கு ஊர் ரயில், பஸ் 20,000. சாப்பாடு ஒரு நாளைக்கு 2,500 வீதம் 21 நாளுக்கு 52,500. போட்டிகளுக்கு நடுவே தங்கல் 30,000. மொத்தம் 1,85,000 பக்கம்.

இதில் 9,000 டாலர் போட்டியில் கால் இறுதி, மற்ற இரண்டில் ஒவ்வொரு சுற்று ஜெயிக்கிறான் என்றால் (17 வயதுப் பையனுக்கு அது நல்ல பயணம்தான்) வருவது 600 டாலர், 50,000 ரூபாய் சொச்சம். கையிலிருந்து போவது 1,30,000க்கு மேல். நன்றாக ஆடிய பயணத்திலேயே இந்த நிலை.

வருடத்துக்கு உள்ளூரில் ஐந்து போட்டி, நீண்ட வெளிநாட்டுப் பயணம் இரண்டு, மலேசியா பக்கம் ஒன்று, கோச்சிங், ஜிம், பிசியோ மாதம் 20,000, சாமான்கள் 60,000 என்று போட்டால் 8 லட்சத்தைத் தாண்டும். முதல் வருட வருமானம் அதில் கால்வாசி வந்தால் சந்தோஷப்படுங்கள்.

செலவைக் குறைக்கிற ஒரே உருப்படியான வழி போட்டிகளைக் கொத்தாக ஆடுவது. ஒரே விமானக் கட்டணத்தில் மூன்று போட்டி. ஆனால் நான்காவதைச் சேர்க்காதீர்கள், மூன்றாவது வாரத்துக்கு மேல் உடம்பு ஒத்துழைக்காது, முன்னவர் சொன்ன சராசரியும் அடிவாங்கும். அமெரிக்கா, கனடாவில் சின்னப் போட்டிகளுக்குப் போனால் கிளப் உறுப்பினர்கள் வீட்டில் தங்கவைக்கிற வழக்கம் உண்டு. கூச்சப்படாமல் போட்டி நடத்துபவருக்கு முன்கூட்டியே மெயில் போட்டுக் கேட்க வேண்டும். ஹோட்டல் ஏற்பாடெல்லாம் மேல் மாடிப் போட்டிகளில்தான்.

பரிசுப் பணத்தை மட்டும் நம்பி நூறாவது ரேங்கில் யாரும் சாப்பிடுவதில்லை. அந்த இடத்தில் இருப்பவர்களுக்குச் சோறு போடுவது லீக். ஜெர்மனியின் புண்டஸ்லீகா, இங்கிலாந்தின் பிரீமியர் ஸ்குவாஷ் லீக், நெதர்லாந்து, பிரான்ஸ் லீக்குகள். கிளப் ஒரு மேட்சுக்கு இவ்வளவு என்று பேசி, பயணச் செலவும் கொடுக்கும். தோற்றாலும் பணம் வரும் என்பதுதான் அதன் அழகு. லீக் தேதிக்கு இரண்டு பக்கமும் சேலஞ்சர் இருந்தால் விமானக் கட்டணம் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஒப்பந்தத்தில் காயம் பட்டால் என்ன, மேட்ச் தள்ளிப்போனால் டிக்கெட் யார் செலவு என்ற இரண்டு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அரசு உதவி: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் எலைட், எம்.ஐ.எம்.எஸ். போன்ற திட்டங்கள் இருக்கின்றன, சர்வதேச முடிவுகளை வைத்துத் தேர்வு செய்வார்கள். மாநில அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடும் உண்டு. இதற்கெல்லாம் கேட்பது காகிதம். ஒவ்வொரு போட்டியின் டிரா ஷீட், முடிவு, பங்கேற்புச் சான்றிதழ், சம்மேளனக் கடிதம் எல்லாவற்றையும் அந்த வாரமே ஸ்கேன் செய்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தேடினால் இணையதளமே மாறியிருக்கும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பரிசுப் பணத்தில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள் என்று திட்டமிடுங்கள். பிடித்ததற்கான சான்றை அங்கேயே வாங்கிவிட்டால் இங்கே கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ள வழி உண்டு. காகிதம் இல்லாவிட்டால் போனது போனதுதான்.

டி_யில்_நில்

மேலே இரண்டு பேரும் ஆட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். ஜூனியர் ஏன் தோற்கிறான் என்ற கேள்விக்கு நான்.

முதல் காரணம் டின். முன்சுவரின் அடியில் இருக்கும் தகடு. சாதாரண கோர்ட்டில் 480 மில்லிமீட்டர் உயரம், டூரில் 430. ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம். "அப்போ முன்சுவரோரம் மெல்ல வைக்கிற என் டிராப் இன்னும் விழும்" என்றுதான் எல்லாப் பையன்களும் நினைப்பார்கள். எதிராளியின் டிராப்பும் அதே அளவு கீழே விழும் என்பது முதல் கேமில் 11–3 தோற்ற பிறகுதான் உறைக்கும். பந்து முன்சுவரிலிருந்து வெளியே வரும் தூரம் குறைகிறது, நீங்கள் ஒரு அரை அடி கூடுதலாக முன்னே பாய வேண்டும், பாய்ந்து திரும்பி டிக்கு (கோர்ட்டின் நடுவே கோடுகள் சந்திக்கும் இடம்) வர வேண்டும். ஒரு மேட்சில் இது நூறு தடவைக்கு மேல் நடக்கும். தொடையும் இடுப்பும் அதற்குப் பழகியிருக்காவிட்டால் மூன்றாவது கேமில் கால் நிற்காது. பயிற்சி செய்யும் கோர்ட்டில் டின் உயரத்தை இன்றே டேப் வைத்து அளந்து பாருங்கள். 480 என்றால் வாரத்தில் இரண்டு நாளாவது தாழ்ந்த டின் உள்ள கோர்ட்டைத் தேடிப் போக வேண்டும்.

இரண்டாவது பந்தின் சூடு. இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து சூடானால்தான் எழும்பும். கோவையிலும் சென்னையிலும் ஏ.சி. இல்லாத கோர்ட்டில் ஏப்ரலில் ஆடினால் பந்து ரப்பர் பந்து மாதிரி குதிக்கும், எதையும் ஓடி எடுத்துவிடலாம். நம் பையன்கள் ஓடி எடுத்தே ஜெயித்துப் பழகுகிறார்கள். ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு கிளப் கோர்ட்டில் அதே பந்து செத்துக் கிடக்கும். பின்மூலையில் சரியாக விழுந்த டிரைவ் பின்சுவரிலிருந்து வெளியே வரவே வராது. கண்ணாடி கோர்ட்டும் பெரும்பாலும் குளிரானதுதான், போதாக்குறைக்குப் பந்து வெள்ளை. அங்கே காத்திருந்து ஓடுகிறவனைவிட வாலி (பந்து தரையில் படும் முன்பே அடிப்பது) எடுத்து முன்னே கொல்லுகிறவனுக்குத்தான் லாபம். இதற்கு மருந்து: போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் போவது, வார்ம்அப்பில் பந்தைச் சும்மா தட்டாமல் ஓங்கி அடித்துச் சூடேற்றுவது, பந்து குளிர்ந்திருக்கும் முதல் சில ராலிகளில் பின்மூலையை விட்டு வெளியே வராமல் இருப்பது. நம் ஊர் ஈரப்பதத்தில் சுவர் வியர்த்தால் பந்து வழுக்கிக்கொண்டு போகும், அது வேறு கதை, அதிலும் பக்கச்சுவரை உரசும் ஷாட்டைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது லெங்த், அதாவது பந்தைப் பின்மூலை வரை ஆழமாக அனுப்புவது. ஒரு சோதனை சொல்கிறேன், இன்றே செய்து பார்க்கலாம். தம்பி தனியாக ஒரு பக்கச்சுவரை ஒட்டி டிரைவ் அடிக்கட்டும். பந்து சர்வீஸ் பாக்ஸின் பின்கோட்டுக்கு அப்பால் விழ வேண்டும், பக்கச்சுவரிலிருந்து ஒரு ராக்கெட் தலை அகலத்தைத் தாண்டக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்று. தவறினால் சைபரிலிருந்து. ஃபோர்ஹேண்டில் 30, பேக்ஹேண்டில் 30 தொடர்ந்து வராவிட்டால் சேலஞ்சரில் முதல் நூற்றைம்பதுக்குள் இருக்கும் யாரும் அவனை டியிலிருந்து விரட்டிக்கொண்டே இருப்பார்கள். ஜூனியரில் தளர்ந்த லெங்த்துக்குத் தண்டனை கிடையாது, எதிராளி திருப்பி அடிப்பான், அவ்வளவுதான். டூரில் தளர்ந்த பந்து ஒவ்வொன்றும் வாலியாகிறது.

நான்காவது லெட் (இடைஞ்சலுக்காக ராலியை மறுபடி ஆடுவது) கேட்கும் பழக்கம். மோதல் வந்தவுடன் நின்று கை தூக்குகிற பையன்களுக்கு டூரில் கிடைப்பது "நோ லெட்". பந்தை எடுக்கப் போகும் முயற்சி ரெஃப்ரி கண்ணில் பட வேண்டும், எடுத்திருக்க முடியும் என்பதும் தெரிய வேண்டும். கீழ்மட்டப் போட்டிகளில் வீடியோ ரிவ்யூ கிடையாது, சில இடங்களில் தோற்ற ஆட்டக்காரரே அடுத்த மேட்சுக்கு ரெஃப்ரியாக உட்காருவார். விதிப்புத்தகத்தில் இடைஞ்சல் பற்றிய பகுதியை மட்டும் பத்து முறை படிக்கச் சொல்லுங்கள்.

உடம்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று. 32 டிராவில் பட்டம் என்றால் ஐந்து மேட்ச், பெரும்பாலும் ஐந்து நாள் அடுத்தடுத்து. (2015 ஜனவரியில் கனடாவின் மெடிசின் ஹாட்டில் லியோ ஆவும் ஷான் டெலியரும் 170 நிமிடம் ஆடினார்கள். அடுத்த நாள் எழுந்து நடந்ததே பெரிது.) மேட்சுக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, உப்போடு, அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீராகக் குடித்துவிட்டு இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் அடுத்த நாள் மேட்ச் அங்கேயே முடிந்தது.

கோவை_அக்கா

மூன்று பேருக்கும் நன்றி. டின்னை அளந்தோம், 480தான். லெங்த் சோதனையில் ஃபோர்ஹேண்ட் 22, பேக்ஹேண்ட் 9. ஆள் இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை.

இன்னும் இரண்டு. அமெரிக்கக் கல்லூரியில் ஸ்குவாஷ் ஸ்காலர்ஷிப் கிடைக்கும், அங்கே போய்விட்டு 22 வயதில் டூருக்கு வரலாம் என்று அவன் கோச் சொல்கிறார். தம்பியோ அதற்குள் வயதாகிவிடும் என்கிறான். யார் சொல்வது சரி? ராக்கெட்டும் மாதம் ஒன்று உடைகிறது, அது சகஜமா?

நாலு_வருஷம்

கோச் பாதி சரி, தம்பி முழுக்கத் தவறு.

வயதை முதலில் பார்ப்போம். அலி ஃபராக் ஹார்வர்டில் இன்ஜினியரிங் முடித்தது 2014இல். அதன் பிறகு முழுநேரமாக இறங்கி 2019இல் உலக நம்பர் ஒன், நான்கு உலகப் பட்டம். மலேசியாவின் சிவசங்கரி சுப்ரமணியம் கார்னெல்லில் படித்தவர், ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கம், 2024இல் லண்டன் கிளாசிக். நம் பக்கம் வேலவன் செந்தில்குமார், ரமித் டாண்டன் இருவரும் கொலம்பியா. ரமித் படித்து முடித்து நியூயார்க்கில் வேலை பார்த்துவிட்டு டூருக்கு வந்தவர். அமெரிக்கக் கல்லூரிப் பக்கம் போகாத கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சவுரவ் கோஷல் உலக ரேங்கிங்கில் பத்தாவது இடத்தைத் தொட்டது 2019இல், அப்போது 32 வயது. ஜோஷ்னா சின்னப்பா அதே இடத்துக்கு வந்தபோது 29. தீபிகா பள்ளிக்கல் 21 வயதில் வந்தார், அது விதிவிலக்கு. ஆண்களில் உடம்பு கெட்டிப்பட்டு, பொறுமை வந்து, ஆட்டம் பழுப்பது இருபதுகளின் நடுவில்தான்.

கோச் தவறிய இடம் "ஸ்காலர்ஷிப்" என்ற சொல். ஸ்குவாஷில் வலுவான ஐவி லீக் கல்லூரிகள் (ஹார்வர்ட், கொலம்பியா போன்றவை) விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. ட்ரினிட்டி என்ற சின்னக் கல்லூரி 1998 முதல் 2012 வரை 252 மேட்ச் தொடர்ந்து ஜெயித்தது, அங்கும் அப்படித்தான். தருவது குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவி. கோச் செய்யக்கூடியது அட்மிஷன் அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு ஆதரவாகச் சொல்வது. ஆகவே மதிப்பெண்ணும் எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்க நுழைவுத் தேர்வும் தேறாவிட்டால் எவ்வளவு நல்ல பேக்ஹேண்டும் உதவாது. பேக்ஹேண்ட் 9 என்றால் அதுவும் உதவாது, சும்மா கிண்டலுக்கு.

அங்குள்ள கோச்கள் பார்க்கும் இடங்கள் யு.எஸ். ஜூனியர் ஓப்பன், ஜனவரியில் நடக்கும் பிரிட்டிஷ் ஜூனியர் ஓப்பன். பேச்சுவார்த்தை பிளஸ் ஒன்னிலேயே தொடங்கிவிடும், உங்களுக்குத் தாமதம்தான். ஆனால் ஒரு கல்லூரி அணியில் ஒன்பது பேர் ஆட வேண்டும், அதனால் முதல் ஐந்து கல்லூரிகளை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கினால் இடம் இருக்கும். மெயிலில் முழு மேட்ச் வீடியோ ஒன்று, பின்சுவர் பக்கமிருந்து எடுத்தது, தோற்ற மேட்சாக இருந்தாலும் பரவாயில்லை. வின்னர்களை வெட்டி ஒட்டி இசை போட்ட வீடியோவைத் திறந்தவுடன் மூடிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. கல்லூரி ஸ்குவாஷுக்கு அமெச்சூர் (பணத்துக்கு ஆடாதவர்) விதி உண்டு. பி.எஸ்.ஏ.வில் பதிந்து பரிசுப் பணம் வாங்கத் தொடங்கும் முன்பே, எது வாங்கலாம் எது கூடாது என்று அந்தக் கல்லூரி கோச்சிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 200 டாலருக்கு ஆசைப்பட்டுத் தகுதியில் சிக்கல் வந்தால் நஷ்டம் பெரிது.

கல்லூரி சீசன் நவம்பரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச்சோடு முடியும். கோடை முழுக்கக் காலி. நான்கு கோடையில் சேலஞ்சர் ஆடியே ரேங்கிங்கைத் தொடங்கி வைக்கலாம்.

நரம்பு_கட்டுறவன்

மாதம் ஒரு ராக்கெட் சகஜம் இல்லை. ஃப்ரேம் எந்த இடத்தில் உடைகிறது என்று பாருங்கள். தலையின் உச்சியில் என்றால் பக்கச்சுவரை ஒட்டிய பந்தைத் தோண்டும்போது சுவரில் இடிக்கிறான். மேலே இருக்கும் பிளாஸ்டிக் பம்பர் தேய்ந்து கார்பன் தெரிந்தால் அடுத்த இடியில் போய்விடும். பம்பரும் கிராமெட்டும் (ஸ்ட்ரிங் துளைகளில் இருக்கும் பிளாஸ்டிக்) தனியாகக் கிடைக்கும், ஃப்ரேம் விலையில் சின்னப் பங்கு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தொண்டைப் பகுதியில் உடைந்தால் ஆத்திரத்தில் தரையில் அடித்திருக்கிறான், அதற்கு என்னிடம் பாகம் கிடையாது.

அவன் அடிப்பது 110 கிராமுக்கும் குறைந்த ஃப்ரேமாக இருந்தால் 120 முதல் 130 கிராம் வரை ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். லேசான ஃப்ரேம் வாலிக்குச் சுகம், ஆனால் சீக்கிரம் நொறுங்கும், குளிர்ந்த பந்தைப் பின்னே தள்ளவும் கஷ்டம்.

ஸ்ட்ரிங் விஷயத்தில் டூருக்குப் போகிறவனுக்கு ஒரே மாதிரி நான்கு ராக்கெட், ஒரே எடை, ஒரே கிரிப், ஒரே டென்ஷன் (ஸ்ட்ரிங்கின் இறுக்கம்). 1.20 மில்லிமீட்டர் மல்டிஃபிலமென்ட் (பல மெல்லிய இழை சேர்ந்த ஸ்ட்ரிங்), 24 முதல் 27 பவுண்டுக்குள். இறுக்கிப் போட்டால் பவர் என்று நினைக்கிறார்கள், நேர் எதிர்: இறுக்கினால் கட்டுப்பாடு, தளர்த்தினால் பந்து பறக்கும். குளிர் நாட்டுக்குப் போகும்போது ஒரு பவுண்டு, ஒன்றரை பவுண்டு குறைத்துப் போடுவது நல்லது, செத்த பந்துக்குக் கொஞ்சம் உயிர் கிடைக்கும். போட்ட முதல் இரண்டு நாளில்தான் டென்ஷன் அதிகம் இறங்கும். அதனால் விமானத்துக்கு முந்தின நாள் இரவு நான்கையும் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நான்கு நாள் முன்னால் போட்டு, ஒவ்வொன்றிலும் அரை மணி அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும்.

ஒரு ராக்கெட்டுக்கு ஏறத்தாழ 10 மீட்டர். தனித்தனி பாக்கெட்டாக வாங்குவதைவிட 200 மீட்டர் ரீல் எடுத்தால் இருபது ராக்கெட் வரும், மிச்சம் நன்றாகத் தெரியும். சின்ன கிளப்களில் நடக்கும் போட்டிகளில் ஸ்ட்ரிங் போட ஆள் இருப்பார் என்று நம்பக் கூடாது. ரீலிலிருந்து மூன்று நான்கு துண்டு வெட்டிச் சுருட்டிப் பையில் வைத்தால், பக்கத்து ஊர் டென்னிஸ் கடையிலாவது போட்டுக்கொள்ளலாம். அப்போது நம் ராக்கெட்டின் பேட்டர்ன், முடிச்சு விழும் துளை இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் கடைக்காரர் துளை மாற்றிக் கோர்க்காமல் இருப்பார். துளை மாறினால் ஃப்ரேம் பிசகும், அதுவும் ஒரு உடைகிற காரணம்தான்.

கிரிப் நம் ஊர் வியர்வையில் இரண்டு மூன்று செஷனுக்கு மேல் தாங்காது. வழுக்கும் கிரிப்பை இறுக்கிப் பிடித்தே முழங்கையைக் கெடுத்துக்கொண்ட பையன்கள் நிறைய. 19 வயது ஆகும் வரை ஜூனியர் போட்டிக்கும், எந்த வயதிலும் இரட்டையருக்கும் கண் கவசம் கட்டாயம், அதையும் பையில் போடுங்கள்.

பின்சுவர்_ஓரம்

நாலு_வருஷம் சொன்ன அமெச்சூர் விஷயம் நான் விட்டது, சரியான திருத்தம். அதை வைத்து என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்: கல்லூரி முடிவு தெரியும் வரை பி.எஸ்.ஏ. பரிசுப் பணம் எதையும் தொட வேண்டாம். பரீட்சை முடிந்து ஆறு மாதம் தாழ்ந்த டின் கோர்ட்டில், சென்னையில் சீனியர்களோடு ஆடட்டும். நேரு பார்க் அகாடமி சுற்றி ஒரு வாரத்தில் கிடைக்கும் ஆட்ட வகை வேறு ஊரில் இங்கே கிடையாது. ஜோஷ்னா, தீபிகா, கொல்கத்தாவிலிருந்து வந்த சவுரவ் எல்லாரும் இந்த ஊரில் தேய்ந்தவர்கள்தான். 2025 டிசம்பரில் எக்ஸ்பிரஸ் அவென்யூவில் உலகக் கோப்பை ஜெயித்த அணியில் அபய் சிங்கும் வேலவனும் சென்னைப் பையன்கள்.

2028 ஒலிம்பிக் கனவு இருந்தால் இப்போதே இறக்கி வையுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்களில் 16 பேருக்குத்தான் இடம். 2026 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஸ்குவாஷே இல்லை. அவன் வயதுக்கு இலக்கு ஆசியப் போட்டி அணி, அதற்கு வழி தேசிய சீனியர் ரேங்கிங். உள்ளூர் செலவில் ஆடலாம்.

பாஸ்போர்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. ஷெங்கன் விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பும் வரை வேறு விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது, கொத்துக் கொத்தாகப் போட்டிகள் கைநழுவுவது இங்கேதான். ஷெங்கனில் 180 நாளில் 90 நாள்தான், இங்கிலாந்து அதில் சேராது, தனி விசா. அமெரிக்காவுக்குப் பரிசுப் பணம் மட்டும் வாங்கி ஆடுகிறவர் பி-1 விசாவில் போகலாம், ஆனால் லீக்கிலோ கிளப்பிலோ சம்பளம் என்றால் அது செல்லாது. போட்டி அழைப்புக் கடிதம், சம்மேளனக் கடிதம், தங்குமிட விவரம் மூன்றும் சேர்ந்த ஃபைலோடு விண்ணப்பிக்க வேண்டும். முதல் தடவை மலேசியாவுக்கு அனுப்புங்கள், பயணப் பதிவும் ஒன்று சேரும்.

பேக்ஹேண்ட் 9ஐ ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணிவிட்டு இங்கே எழுதுங்கள்.

கோவை_அக்கா

எழுதுகிறேன். வெறி பிடித்தவன் மாதிரி இப்போதே கோர்ட்டில்தான் இருக்கிறான், கிரிப் இரண்டு டஜன் ஆர்டர் போட்டாயிற்று. தொண்டைப் பகுதியில் உடைந்த இரண்டு ராக்கெட்டைப் பற்றிக் கேட்டேன், சுவரில் பட்டது என்கிறான்.

நரம்பு_கட்டுறவன்

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.